ஜோதிலட்சுமி விட்டுவைத்த வரிசை

ஜோதிலட்சுமி களை எடுக்க உட்காரும் விதத்தைப் பார்த்தாலே எந்த முட்டி வலிக்கிறது என்று தெரிந்துவிடும். வலது காலை நீட்டிக்கொள்வாள். இடது காலை மடக்கி, பாதி உடம்பை அதன்மேல் போட்டு, எழுந்திருக்காமலே நகர்ந்து போவாள். இடது கை பிடிக்கும், வலது கையிலிருக்கும் களைக்கொத்தி வேருக்கு அடியில் போய் ஒரு நெம்பு நெம்பும். பிடுங்கியதை ஒரு உதறு உதறி, வேர் வானத்தைப் பார்க்கும்படி கரைமேல் போடுவாள். வேர் மண்ணைத் தொட்டால் களை மறுபடி பிழைத்துக்கொள்ளும். முப்பத்துநாலு வருஷமாக அந்தக் கைக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருந்ததில்லை.

இதில் அவளுக்குப் பெருமை ஒன்றும் கிடையாது. வேலை நாற்றம் பிடித்தது. பார்த்தீனியம் பட்டுப் புறங்கை தடிக்கும், வெயிலில் கண் பூத்துப்போகும். ஆனால் உட்கார்ந்துகொண்டே செய்யலாம். ஐம்பத்துமூன்று வயதில் அவள் ஒரு வேலையிடம் கேட்டது அவ்வளவுதான்.

மற்ற நாட்களில் அவள் பார்ப்பது மாடிப்படி வேலை. கீழ்க்கட்டளையில் அவள் குடியிருந்த தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று, மூன்று பிளாக்குகள். கூட்டி, துடைத்து, கைப்பிடிக் கம்பிகளையும் துடைக்க வேண்டும். லிஃப்டில் வாளியோடு ஏறக் கூடாது, தண்ணீர் சிந்துகிறது என்று ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். ஜோதிலட்சுமிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். தாள் யாருக்காக ஒட்டியது என்பதும் புரியும். மூன்றாவது மாடிக்குப் போகும்போதே முட்டிக்குள் ஏதோ ஒன்று கழன்று, நான்காவது மாடியில் திரும்பப் பொருந்துவது போலிருக்கும். இறங்கும்போது பொருந்தாது.

அதிலிருந்து அவளுக்குக் கிடைத்த விடுதலை, வருஷத்துக்கு இருபது இருபத்தைந்து நாள், அகரம்தென்னில் தயாளன் சாரின் அரை ஏக்கர் மக்காச்சோளம்தான். முதல் களைக்குப் பத்து நாள், இரண்டாம் களைக்குப் பத்து நாள், அப்புறம் மழைக்கு முன்னால் ஒப்புக்கு ஒரு சுற்று. அந்த நாட்களில் மாடிப்படியை அவளுடைய கூட்டாளி லோகநாயகி பார்த்துக்கொள்வாள். ஒரு காலத்தில் சாரின் நிலத்துக்கு ஐந்து பெண்கள் வருவார்கள். ஒருத்தி வண்டலூர்ப் பக்கம் மகளோடு போனாள், இரண்டு பேர் கம்பெனி வேனில் ஏறிவிட்டார்கள், ஒருத்தி செத்துப்போனாள். மிஞ்சியது ஜோதிலட்சுமி. மேடவாக்கம் கூட்டுரோடு வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் கேம்ப் ரோடு, அப்புறம் மினிபஸ். ஏழு மணிக்கெல்லாம் நிலத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

தயாளன் சார் சேலையூரில் இருப்பவர். பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்றவர். நிலத்தைச் சுற்றி மூன்று பக்கமும் மனைகள், கல் நட்டு, ஏதோ ஒரு நகர் என்று பலகை வைத்து, பாதி விற்காமல் கிடந்தன. விற்காத மனை முழுக்கப் பார்த்தீனியம். காற்று அடித்தால் விதை நேராகச் சோளத்துக்குள் வந்து இறங்கும். போன வருஷம் இரண்டாம் களையை அவள் ஒருத்தியாகவே எடுத்து முடிப்பதற்குள் முதலில் எடுத்த பக்கம் மறுபடி பச்சையாகிவிட்டது. சார் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஏதாவது செய்யணும் ஜோதிம்மா என்றார். யாரையாவது கூடச் சேர்ப்பார் என்று அவள் நினைத்தாள்.

இந்த வருஷம் ஆனிக் கடைசியில் போனபோது, சோளம் ஊன்றிய இரண்டு வரிசைகளுக்கு நடுவில் சார் கயிறு கட்டிக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். கினியாப் புல்லின் விதையாம். பொடிசாக, மணலோடு கலந்து தூவினால்தான் கைக்கு அகப்படும். சோளம் உயர்ந்து நிழல் கொடுத்தாலும் இந்தப் புல் தாங்குமாம், கீழே தரையை மூடிவிடுமாம். கதிர் ஒடித்த பிறகும் புல் நிற்கும், மாட்டுக்கு அறுத்துக்கொள்ளலாம். எங்கோ ஒரு பயிற்சிக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்திருந்தார். வகுப்பில் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“காலியா இருக்கற இடத்துலதான் களை வரும். அந்த இடத்தை நாமளே ஒருத்தருக்குக் குடுத்துட்டா? முதல் களை மட்டும் எடுத்தாப் போதும். அப்புறம் புல்லே பாத்துக்கும். இனிமே உனக்கு இந்தக் கஷ்டம் இல்ல ஜோதிம்மா.”

அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் உண்மையானது. அவளுக்குத்தான் ஏதோ வாங்கிக்கொண்டு வந்ததுபோல நின்றார். அவள் சரிங்க சார் என்றாள்.

பாலு அன்றைக்கு வந்திருந்தான். பொழிச்சலூரில் ஐந்து மாடு வைத்திருப்பவன். அறுவடைக்குப் பிறகு சோளத்தட்டையைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது அவன்தான். புல்லையும் அவனுக்கே பேசியாகிவிட்டது. விதைத்த கோட்டைப் பார்த்தான், சாரைப் பார்த்தான்.

“இன்னா சார், சோளத்துக்கு பக்கத்து போர்ஷன்ல புல்ல குடி வச்சிட்டீங்க. வாடகை ஒழுங்கா குடுக்குமா?”

சார் சிரித்தார். பாலு அவள் பக்கம் திரும்பினான். “யக்கா, உனக்கு ரிட்டேர்மென்ட்டு. மாலை கீலை போட்டு அனுப்பிருவாரு சாரு.”

அவளும் சிரித்துவைத்தாள்.

சாயங்காலம் கீழ்க்கட்டளையில் இறங்கியபோது லோகநாயகி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, பாவம் பார்ப்பவள்போல ஆரம்பித்து எங்கோ போய் முடித்தாள். “நீ இன்னாக்கா, மன்ஷாளுக்குப் பயந்த, மெஷினுக்குப் பயந்த. கடசீல ஒரு புல்லு வந்து உன் சீட்ட கிழிக்குது பாரு.” ஜோதிலட்சுமி வாயை மூடச் சொன்னாள். நாலாவது மாடியில் யார் வீட்டு நாயோ அசிங்கம் பண்ணிவிட்டதாக வாட்ச்மேன் சொல்லிவிட்டுப் போனான். அது யார் முறை என்று இருவரும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்கள்.

ஆடியில் முதல் களைக்குக் கூப்பிட்டார் சார். சோளம் முட்டி உயரம். வியாழக்கிழமை காலையில் தானே வந்து புல் எது களை எது என்று காட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். புதன் ராத்திரி போன். சர்ச்சில் கூடப் பாடுகிற ஒருவர் தவறிவிட்டார், அடக்கம் பதினோரு மணிக்கு, பன்னிரண்டுக்குள் வந்துவிடுவேன், கிழக்குப் பக்கத்திலிருந்து ஆரம்பி என்றார். புல் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். மருமகளிடம் போனைக் கொடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஆள் உயரத்துக்குக் குத்துக்குத்தாக நின்ற புல். நிலத்தில் இருந்தது ஒரு சாண் பச்சை. குழந்தையைத் தேட தாத்தா போட்டோவைக் கொடுத்தமாதிரி இருந்தது.

இருந்தாலும் ஆரம்பித்தாள். கரையோரம் கோரை, அப்புறம் சாரணை, நடுநடுவே பார்த்தீனியம். கூடவே புல், வழக்கமாக முளைக்கிற காட்டுப் புல். கண் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, பார்த்து, பார்த்து என்று. கை அதைக் கேட்கவில்லை. சோளத்தைத் தவிர மற்றதெல்லாம் வர வேண்டும் என்றுதான் அந்தக் கை பழகியிருந்தது. பிடி, நெம்பு, உதறு, வேர் மேலே. முதல் வரிசை முடிந்தது. இரண்டாவது முடிந்தது. விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய சின்ன விமானம் ஒன்று தலைக்குமேல் வட்டமடித்து வட்டமடித்து இரைந்துகொண்டிருந்தது. மூன்றாவது வரிசையின் கடைசிக்கு வந்து, நாலாவதில் திரும்பி உட்கார்ந்து, கையை நீட்டியபோதுதான் பார்த்தாள்.

புல் ஒரே கோடாக நின்றது.

களை ஒருநாளும் கோடு போட்டு முளைக்காது. அங்கே ஒன்று, இங்கே நாலு, நடுவில் ஒன்றுமே இல்லாமல், அப்படித்தான் முளைக்கும். இது ஸ்கூல் பிள்ளைகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக, அந்தக் கோடி வரைக்கும். திரும்பிப் பார்த்தாள். அவள் முடித்துவிட்டு வந்த மூன்று வரிசையிலும் மண் வெறுமையாக, சுத்தமாக, கூட்டிப் பெருக்கிய வாசல்போல இருந்தது. கரையில் எல்லாம் வேரை மேலே காட்டிக்கொண்டு கிடந்தன.

மணி ஒன்பதரை இருக்கும். ஜோதிலட்சுமி களைக்கொத்தியைக் கீழே வைத்தாள்.

முதலில் வந்தது பயம். உடனே, பயத்துக்குப் பின்னாலேயே, இன்னொன்று வந்து உட்கார்ந்தது. இப்படியே விட்டுவிட்டால் என்ன? தெரியாமல் நடந்தது. சாரும் நம்புவார், அவர் பேரில்தான் பாதித் தப்பு. இதே கையோடு இன்னும் மூன்று வரிசை போனால், சார் வருவதற்குள் கிழக்கு ஓரம் பழையபடி வெறும் சோளமாகிவிடும். அங்கே களை வரும், விதை விழுந்து மற்ற வரிசைக்கும் பரவும். புரட்டாசியில் போன் வரும், ஜோதிம்மா, வரணுமே என்று. பத்து நாள். அதற்கப்புறம் மழைக்கு முன்னால் இன்னும் சில நாள். அவள் யாரையும் எதுவும் கேட்க வேண்டாம். பிடுங்கிப் போட்டதை வெயில் பார்த்துக்கொள்ளும். இன்னும் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் போதும்.

கொஞ்ச நேரம் சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கிடந்த வேர்களைப் பார்த்தாள். பிடுங்கும்போது வெள்ளையாக இருந்தவை மஞ்சளடித்து, நுனி சுருண்டுகொண்டிருந்தன. இந்தக் கோட்டைப் பார்க்கிறவரைக்கும் அது தெரியாமல் செய்தது. இப்போது காய்கிற ஒவ்வொரு வேரும் தெரிந்து காய்கிறது. அந்தக் கணக்கு அவளுக்கு எரிச்சலாக இருந்தது. யாரும் பார்க்காத இடத்தில் யாருக்கு இந்தக் கணக்கு?

சீ என்று எழுந்தாள். முட்டி பிடித்துக்கொண்டது, அது விடும்வரை நின்றுவிட்டு நடந்தாள்.

மோட்டார் போட்டு வாய்க்காலில் தண்ணீர் விட்டாள். தலைத்துண்டை நனைத்து விரித்தாள். முதல் வரிசைக் கரையிலிருந்து ஆரம்பித்தாள், அதுதான் அதிகம் வாடியிருந்தது. குவியலில் புல்லை மட்டும் பிரிக்க வேண்டும். முதலில் கண்ணால் பார்த்தாள், எல்லாம் ஒன்றாக இருந்தது. விரலால் உருட்டிப் பார்த்தபோது பிடிபட்டது. கினியாப் புல்லின் அடித்தண்டு பூனைக்குட்டி காதுபோல மெல்லிசாக மயிர் விட்டிருந்தது, காட்டுப் புல் வழவழவென்று இருந்தது. பிரித்ததை நனைத்து, நுனியைக் கிள்ளிவிட்டு, கொத்தியால் குழி பறித்து, கோடு எங்கே போயிருக்கும் என்று நாலாவது வரிசையைப் பார்த்து அளந்து நட்டாள். பிடுங்குவது உட்கார்ந்து செய்கிற வேலை. நடுவது அப்படியில்லை. எழுந்து தண்ணீருக்குப் போகணும், குனியணும், உட்காரணும், மறுபடி எழணும். மாடிப்படியும் இதுவும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டாள். முதல் வரிசை முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. சேலை முழுக்கச் சேறு.

மூன்றாவது வரிசைக் கரையில் வந்து நின்றாள். கடைசியாகப் பிடுங்கியது என்பதால் அதுதான் மூன்றிலும் நன்றாக இருந்தது. சில வேர்கள் இன்னும் ஈரமாகவே இருந்தன. சார் வர அரை மணிக்குமேல் இருந்தது. துண்டு நனைந்தே கிடந்தது.

அவள் அதைத் தொடவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு, பம்ப் ரூம் நிழலில் போய்ச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். மெதுவாகச் சாப்பிட்டாள். சாப்பிடும்போது கரைப் பக்கம் திரும்பவில்லை.

தயாளன் சார் வெள்ளைச் சட்டையோடு, அடக்கத்திலிருந்து நேராக வந்தார். அவள் எழுந்து போய் நடந்ததைச் சொன்னாள். மூணு வரிசை பிடுங்கிட்டேன் சார், ரெண்டு நட்டுட்டேன், மூணாவது காஞ்சுபோச்சு. கடைசியில் சொன்னது மட்டும் பொய். சார் திட்டவில்லை. போட்டோ அனுப்பிய தன்னையே திட்டிக்கொண்டார். நட்ட வரிசையில் குனிந்து ஒரு தூரைத் தொட்டுப் பார்த்து, பொழைச்சுக்கும்போல என்றார். இவ்வளவையும் நீயே பிரிச்சியா என்று அதை இரண்டு தடவை கேட்டார். மற்ற வரிசைகளை அன்றிலிருந்து பத்து நாளில் கோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எடுத்து முடித்தாள். ஒரு கினியாப் புல்லைக்கூடத் தப்பாகப் பிடுங்கவில்லை.

அதற்கப்புறம் போன் வரவில்லை. ஆவணி பூராவும் மாடிப்படி. லோகநாயகி தன் மகள் பிரசவத்துக்குப் போனதால் இரண்டு பேர் வேலை. முட்டிக்குப் பட்டை வாங்கிக் கட்டிக்கொண்டாள். வேர்வையில் அது நழுவிக் கணுக்காலுக்கு வந்து நிற்கும். துடைத்துக்கொண்டிருக்கும்போது இடுப்பில் போன் அதிர்ந்தால் வாளியை வைத்துவிட்டு எடுத்துப் பார்ப்பாள். கடன் வேண்டுமா என்று ஏதோ ஒரு கம்பெனிப் பெண் கேட்பாள்.

புரட்டாசி முதல் வாரத்தில் சார் கூப்பிட்டார். “ஒரு நாள் வந்துட்டுப் போறியா ஜோதிம்மா? உனக்கு ஒண்ணு காட்டணும்.”

போனாள். சோளம் தலைக்குமேல் நின்றது, கதிர் பிடித்திருந்தது. கீழே புல் இடுப்பளவு, தரை கண்ணுக்குத் தெரியவில்லை. வரிசைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். அங்கங்கே வெளுத்துப்போன பார்த்தீனியம் ஒன்றிரண்டு, எழ முடியாமல் கிடந்தது. அவள் கையால் மறுபடி நட்ட இரண்டு வரிசையும் மற்றதைவிடக் கொஞ்சம் குட்டை, அவ்வளவுதான். மூன்றாவது வரிசையில் மட்டும் சாரணையும் கோரையும் பார்த்தீனியமும் பூத்துக் குலுங்கின. அந்த வரிசையை ஒட்டிய சோளம் வெளிறி, கதிர் சிறுத்திருந்தது.

“பாத்தியா? நான் வேணும்னு ஒரு வரிசை புல் இல்லாம விட்டுப் பாத்திருக்கணும். எனக்குத் தோணல. உன் தப்பால அது தானா அமைஞ்சிருச்சு. பக்கத்துப் பக்கத்துலயே வச்சுப் பாக்கலாம்.” போனில் நாலைந்து போட்டோ எடுத்திருந்தார், காட்டினார். “இந்த ஒரு வரிசைய மட்டும் எடுத்துரு. விதை விழுந்துச்சுன்னா எல்லாத்துக்கும் பரவும். ஒரு மணி நேரம் ஆகுமா?”

“ஆவும் சார்.”

அவள் உட்கார்ந்தாள். வலது காலை நீட்டினாள். சார் நிழலில் நின்று அடுத்த வருஷம் மூன்று வரிசைக்கு ஒருமுறை வேறு புல் போட்டுப் பார்க்கலாமா என்று சொல்லிக்கொண்டிருந்தார். கால் பாகம் எடுத்துவிட்டு அவள் கையை நிறுத்தினாள்.

“சார், இது தப்பால ஆனது இல்ல.”

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“அன்னிக்கு இது காயல. நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான் நடாம வுட்டுட்டேன்.”

“ஏன்?”

அவள் ஒரு பார்த்தீனியத்தைப் பிடுங்கி உதறினாள். “புல்லு பொழைச்சா எனக்கு இங்க இன்னா வேல சார்? ஒரு வரிசையாச்சும் கெடக்கட்டும்னு வுட்டேன்.”

தயாளன் சார் கண்ணாடியைக் கழற்றினார். இதை அவர் ஒருதரம்கூட நினைத்துப் பார்த்ததில்லை என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. அவர் கண்ணுக்கு ஒரு பெண்ணின் முதுகு தெரிந்தது, வெயில் தெரிந்தது, அதிலிருந்து அவளைக் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்தார். அவள் எங்கிருந்து தப்பித்து இந்த வெயிலுக்கு வருகிறாள் என்று கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. கொஞ்சம் பொறுத்து, புல் அறுக்கணுமே, ஆறு வாரத்துக்கு ஒருதரம் அறுக்கணும், அதுக்கு நீயே வாயேன் என்றார்.

“குனிஞ்சு நின்னு அறுக்கணும் சார். நம்மால ஆவாது. பாலு மெஷின் வச்சிக்கினு வரான்.”

“வேற ஏதாவது…” என்று ஆரம்பித்தார். அரை ஏக்கரைச் சுற்றிப் பார்த்தார். உட்கார்ந்து செய்கிற வேலை எதுவும் அதில் மிச்சமில்லை. கோபம் வந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் பம்ப் ரூம் படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

எட்டு மணிகூட ஆகவில்லை. வரிசையில் முக்கால்வாசி இன்னும் இருந்தது. வழக்கமான கைக்கு அரை மணி நேர வேலை. ஜோதிலட்சுமி ஒரு சாரணையைப் பிடித்தாள். கொத்தியை அடியில் விட்டு, மண்ணை நாலு பக்கமும் தளர்த்தி, வேர் நுனிவரை அறாமல் எடுத்தாள். மண்ணை உதறினாள். வேர் மேலே இருக்கும்படி கரையில் வைத்தாள். பிறகு அடுத்ததைத் தேடுவதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்திலேயே இருந்த அடுத்ததைப் பிடித்தாள். அந்த வேகத்தில் போனால் மத்தியானம் வரைக்கும் வரும். சார் படியில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீக்கிரம் என்று சொல்லவில்லை.